மண் தெரியக் கூடாது

அம்மாவிடம் ஒரு சுரண்டி இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் வேலை செய்து, சேமலாப நிதியை வாங்கிக்கொண்டு லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வெளியேறியபோது கூட வந்த சாமான்களில் அதுவும் ஒன்று. கைப்பிடி இரண்டு தடவை மாறிவிட்டது. இரும்பு தேய்ந்து தேய்ந்து உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. விடிந்ததும் தேத்தண்ணி குடித்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே இறங்கிவிடுவார். பத்து மணிக்கு நான் போய்ப் பார்த்தால் நிலம் கூட்டிவிட்ட வாசல் மாதிரி இருக்கும். ஒரு புல் இல்லை, ஒரு சருகு இல்லை. சிவந்த மண் மட்டும்.

"இப்பதான் பாக்க லெச்சணமா இருக்கு" என்பார்.

எங்கள் நிலம் இலங்கை மலையகத்தில் ஊவாப் பக்கம், எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒன்றேகால் ஏக்கர். அண்ணன் கட்டாரில் லொறி ஓட்டி அனுப்பிய பணத்தில் 2017இல் வாங்கினோம். ஒரு காலத்தில் தேயிலை நின்று, பிறகு கைவிடப்பட்டு மானாப்புல் ஏறிக் கிடந்த சரிவு. அதில் 40 அவகாடோக் கன்று, கொஞ்சம் தோடை, கொஞ்சம் கொய்யா, வீட்டோரம் இரண்டு பலா வைத்தோம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் வேலை. பின்னேரங்களும் சனி, ஞாயிறும் நிலத்துக்கு.

2020 ஒக்டோபரில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரம் மழை பிடித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் அடித்தது. விட்டதும் இறங்கிப் பார்த்தேன். கீழே ஓடை, பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வயது அவகாடோ ஒன்றின் அடியில் மெல்லிய வேர்கள் நார் நாராக வெளியே கிடந்தன. குனிந்து பார்த்தால் நிலம் முழுக்கச் சின்னச் சின்னக் கற்கள். ஒவ்வொரு கல்லும் விரல் தடிப்பில் ஒரு மண்தூணின் தலையில் உட்கார்ந்திருந்தது. கல் மறைத்த இடத்தில் மண் நின்றுவிட்டது, மறைக்காத இடத்தில் போய்விட்டது. அந்தத் தூண் எவ்வளவு உயரமோ அவ்வளவு மண் சுற்றிலும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீற்றர் மண் கழுவிப்போனாலும் அது நான்கு கனமீற்றர், நிறையில் ஏறக்குறைய 5 தொன். எங்கள் மண்தூண்கள் ஒரு மில்லிமீற்றருக்கு எவ்வளவோ மேலே. அந்த மண் ஓடையில் இறங்கி ஆற்றில் சேர்ந்து, கடைசியில் எங்கோ அடியில் போய் வண்டலாகப் படியும். நாங்கள் கடன்பட்டு வாங்கிப் போட்ட பசளையும் அதோடுதான் போனது.

பெரிய மழைத்துளி ஒன்று தரையைத் தொடும்போது விநாடிக்கு 9 மீற்றர் வேகம் வரை இருக்கும். மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல். வெறும் மண்ணில் அது விழுந்தால் மண்கட்டி உடைந்து தூளாகிறது, தூள் போய்த் துவாரங்களை அடைக்கிறது, மேலே ஒரு தோல் பிடிக்கிறது. அதற்குப் பிறகு வரும் தண்ணீருக்கு உள்ளே இறங்க வழியில்லை, சரிவில் ஓடத்தான் வேண்டும். மேலே மரம் நிற்கிறதே, அது காக்காதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். காக்காது. உயரமான மரத்தின் இலை நுனியில் திரண்டு சொட்டும் துளி, மழைத்துளியைவிடப் பெரிதாகவும் இருக்கும். எட்டு ஒன்பது மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் போன வேகத்தைத் திரும்பவும் எடுத்துவிடும். மண்ணைக் காப்பாற்றுவது முழங்காலுக்குக் கீழே இருக்கிற இலை. தரையை ஒட்டி எது படர்கிறதோ அது.

அதைத்தான் அம்மா ஒவ்வொரு நாளும் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

இதில் அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. சுரண்டுவது எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழக்கமில்லை. காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்ட காலத்திலேயே, ஒரு களை தலைகாட்டாமல் வைத்திருப்பதுதான் நல்ல துரைக்கு அடையாளம் என்று இருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டார், 1869இல் கோப்பியில் துருநோய் கண்டது, பத்திருபது வருடத்தில் கோப்பி அழிந்து அதே மலைகளில் தேயிலை ஏறியது. பயிர் மாறியது, சுரண்டி மாறவில்லை. மலை சுத்தமாக இருந்தால் கங்காணிக்கு நல்ல பேர். புல் மண்டிக் கிடந்தால் வேலை செய்தவளுக்கு அரைப்பேர், பாதி நாள் கூலிதான். நாலைந்து தலைமுறையாகக் கூலி வெட்டப்பட்டு வெட்டப்பட்டுப் படிந்த பழக்கம் அது. வெறும் மண்ணைப் பார்த்தால் அம்மாவுக்கு நெஞ்சு ஆறுகிறது என்றால், அந்த ஆறுதலுக்கு அவருடைய பாட்டி காலத்திலிருந்து விலை கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அதே தோட்டங்கள் இன்னொன்றையும் செய்தன. தேயிலைக்கு நடுவே முள்முருங்கை வைத்தார்கள், அல்பீசியா வைத்தார்கள், தாழ்ந்த மலைகளில் கிளிசிரிடியா வைத்தார்கள், புதிதாகத் தேயிலை போட்ட இடங்களில் கொழிஞ்சி இனத்துத் தெப்ரோசியாச் செடிகளை வரிசை வரிசையாக விதைத்தார்கள். முள்முருங்கைக் கிளையை வெட்டி வெட்டித் தேயிலைக்கு நடுவே பரப்புவார்கள். இத்தனையும் அவரைக் குடும்பத்துச் செடி கொடிகள். இதெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையமே 1925இல் தொடங்கியது.

"அந்த முள்முருங்கைய ஏம்மா வச்சாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெழலுக்கு."

"சரி, வெட்டி ஏன் தேயிலைக்குள்ள போட்டீங்க?"

"போடச் சொன்னாங்க, போட்டோம்."

31 வருடம் அந்த மலையில் நின்றவருக்கு, அந்த இலை எதற்கு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை. சுரண்டியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. இந்த மரத்தின் வேரில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அடுத்த வருடம் நாட்டில் பணமே இல்லை. யூரியா மூட்டை எங்களைப் போன்றவர்கள் தொட முடியாத விலைக்குப் போனது. அந்த நேரம் மலையகத்தில் மரக்கறி செய்தவர்கள் பட்ட பாட்டை இங்கே எழுதத் தொடங்கினால் முடியாது. எங்களுக்குப் பழமரம்தான், உடனே சாகாது. ஆனால் இலை மஞ்சளடித்தது.

எங்கள் நிலத்துக்குக் கீழே ஒரு சிங்களப் பெரியவரின் காணி. நான் அவரைச் சீயா, தாத்தா, என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைத் துவே, மகளே, என்பார். போஞ்சி, கௌபி என்கிற தட்டைப்பயறு, சிறகவரை என்று மாற்றி மாற்றிப் போடுவார். சிறகவரையை அவர் தம்பல என்பார். காய் பறித்து முடிந்த கௌபிச் செடிகளை அவர் வேரோடு பிடுங்காமல் தரையோடு வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். "வேர்ல பசளை இருக்கு துவே, அதைப் புடுங்கி எறியிறதா?" என்றார். பச்சையாக நின்ற ஒரு செடியை எனக்காகத் தோண்டி எடுத்துக் கொடுத்தார். வேரில் கடுகும் மிளகுமாகக் கோத்த மாதிரி முடிச்சுகள். ஒன்றை நகத்தால் நசுக்கினேன். உள்ளே இளஞ்சிவப்பு.

நைதரசன் வட்டத்தைப் பத்து வருடமாகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அம்புக்குறி போட்டு "அவரையினத் தாவரம்" என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சிவப்பை அன்றுதான் முதன்முதலாக என் விரலில் பார்த்தேன்.

காற்றில் 78 சதவீதம் நைதரசன். ஆனால் ஒரு மரத்தாலும் அதை அப்படியே எடுக்க முடியாது, இரண்டு அணுக்களும் அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. றைசோபியம் என்ற பற்றீரியா அந்தப் பிணைப்பை உடைக்கும். செடி அதற்கு வேரில் வீடு கட்டிக் கொடுத்துச் சர்க்கரை ஊட்டுகிறது, அது செடிக்கு நைதரசனைக் கட்டிக் கொடுக்கிறது. பிணைப்பை உடைக்கும் நொதியத்துக்கு ஒட்சிசன் ஆகாது. அதனால் செடி நம் இரத்தத்தில் இருக்கும் ஈமோகுளோபினைப் போன்ற ஒரு பொருளை முடிச்சுக்குள் செய்து, ஒட்சிசனை அளந்து அளந்து விடுகிறது. அந்தப் பொருளின் நிறம்தான் சிவப்பு. முடிச்சு சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. அவரைச் செடிக்குக் காற்றின் நைதரசன் இந்த முடிச்சுகள் வழியாகத்தான் கிடைக்கிறது என்பதை 1886இல் ஜேர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் நிரூபித்துக் காட்டினார்கள். இரண்டு வருடத்தில் ஒல்லாந்துக்காரரான பெயரிங்க் அந்தப் பற்றீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். விஞ்ஞானம் எழுதிவைக்கும் முன்பே, பயறு விதைத்த நிலம் மறுபோகம் நன்றாக விளையும் என்று நம் ஊர்களில் தெரிந்திருந்தது.

சரி, நானும் மரங்களுக்கு நடுவே மண்ணை மூட அவரையினப் பயிர் விதைத்தேன். மூடுபயிர் என்பார்கள். எப்போது விதைப்பது என்று அம்மாவிடம் கேட்டதற்கு "ஆடிப்பட்டம் தேடி விதை" என்றார். 2021 ஆடியில் விதைத்தேன். எங்கள் ஊரில் ஆடி என்றால் என்ன? ஊவாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். எங்களுக்கு வருவது காய்ந்த காற்று மட்டும், மரத்தை முறிக்கிற காற்று. அட்டனில் அதே ஆடியில் குடை தாங்காத மழை. அம்மாவின் பூட்டி தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த பழமொழி அந்த ஊர் வானத்துக்குச் சரி. இந்த மலையில் ஒரு பக்கத்துக்கு அது காய்ச்சல், மறுபக்கத்துக்கு வெள்ளம். முளைத்ததில் பாதி கருகியது, மீதியைப் புறாக்கள் முடித்தன.

ஐப்பசியில் திரும்பவும் போட்டேன். மழை கிடைத்தது, முளைத்தது, ஒரு சாண் வளர்ந்து மஞ்சளாகி நின்றுவிட்டது. தோண்டிப் பார்த்தேன். இங்கொன்றும் அங்கொன்றுமாக முடிச்சு, உள்ளே வெள்ளை. சீயாவின் காணிக்கும் எங்களுடையதற்கும் நடுவே ஒரு வேலிதான். அங்கே சிவப்பு, இங்கே வெள்ளை.

விடை மண்பரிசோதனையில் வந்தது. எங்கள் மண்ணின் பிஎச் 4.7. தேயிலைக்கு அது பிரச்சினை இல்லை, தேயிலை அமில மண்ணை விரும்பும். அதோடு பல வருடம் போட்ட பசளையும் அமிலத்தை இன்னும் ஏற்றும். ஆனால் அவ்வளவு அமிலத்தில் மண்ணிலிருக்கும் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும், பொசுபரசு இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு செடிக்குக் கிடைக்காது. நைதரசனை உடைக்கும் நொதியத்துக்கு மொலிப்டினம் கொஞ்சம் வேண்டும், அதுவும் அமில மண்ணில் பூட்டிக்கொள்ளும். றைசோபியமும் அப்படிப்பட்ட மண்ணில் சரியாக வாழாது. அவரைச் செடி காற்றிலிருந்து நைதரசன் எடுக்கும், உண்மை. ஆனால் மற்றதையெல்லாம் மண்தான் கொடுக்க வேண்டும்.

அதனால் 2022 சித்திரை மழைக்கு முன்னால் டொலமைட் போட்டோம், அமிலத்தைக் குறைக்கிற சுண்ணாம்புக் கல்தூள். நல்ல வேளையாக அது நம் நாட்டிலேயே, கண்டி, மாத்தளைப் பக்கம் வெட்டி எடுப்பது. கப்பலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பொசுபரசுக்கு எப்பாவலப் பாறைப் பொசுபேற்று. தண்ணீரில் இலகுவில் கரையாது என்று அதைக் குறை சொல்வார்கள். ஆனால் எங்களைப் போன்ற அமில மண்ணில், நீண்ட காலப் பயிருக்கு, மெல்ல மெல்லக் கரைவதுதான் நல்லது. சுண்ணாம்பு கூடினால் அதன் கரைவு குறையும் என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கொட்டாமல், டொலமைட்டைப் பரப்பியும் பொசுபேற்றை விதை வரிசைக்குள்ளும் வைத்தோம். சீயாவின் கௌபி நின்ற இடத்திலிருந்து இரண்டு வாளி மண் எடுத்து, விதையோடு பிசைந்து விதைத்தேன். கௌபியோடு சேரும் றைசோபியம் வகைகள் வெப்பநாட்டு மண்ணில் பொதுவாகவே இருக்கும், ஆனால் வருடக்கணக்காகத் தேயிலையும் மானாப்புல்லும் மட்டும் நின்ற மண்ணில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. சோயா போட நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சோயா எல்லாப் பற்றீரியாவோடும் சேராது.

2022 ஐப்பசியில் விதைத்தது இடுப்புக்கு வந்தது. முதல் முடிச்சை உடைத்துப் பார்க்கும்போது கை நடுங்கியது. சிவப்பு.

எதை விதைப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மழைக்காலத்துக்கு, வெயில் விழும் இடைவரிசைகளில், கௌபியும் கொள்ளும் மொச்சையும். விதை கடையில் கிடைக்கும், வீட்டுக்கும் சாப்பாடு. பூக்கத் தொடங்கும்போது தரையோடு வெட்டி அப்படியே பரப்பிவிட வேண்டும். சரிவில் மண்ணைக் கொத்திப் புதைக்கக் கூடாது, புதைக்கப்போனால் எதைக் காப்பாற்ற வந்தோமோ அதுவே ஓடிவிடும்.

பூனைக்காலி எதையும் மூடிவிடும். எனக்கு அது ஒரு கன்றை விலையாகக் கேட்டது. சுணை இல்லாத வகைதான், ஆனால் இரண்டு வாரம் பரீட்சைத் தாள் திருத்திவிட்டுப் போய்ப் பார்த்தால், கொடி ஒரு அவகாடோக் கன்றின் கழுத்தில் ஏறி வளைத்துத் தரையில் படுக்க வைத்திருந்தது. வாராவாரம் கொடியை இழுத்துவிட ஆள் இருந்தால் மட்டும் அதை விதையுங்கள். இறப்பர்த் தோட்டங்களில் தரையை மூடும் புவேறாரியாவும் அப்படித்தான், இளம் பழத்தோட்டத்துக்கு முரட்டுத்தனம் அதிகம். எதைப் போட்டாலும் கன்றைச் சுற்றி ஒரு மீற்றர் வட்டத்துக்கு உயிருள்ள எதுவும் இருக்கக் கூடாது. வெட்டிப்போட்ட இலை இருக்கலாம், அதுவும் தண்டைத் தொடாமல்.

மர நிழலுக்குள் நான் நம்புவது மஞ்சள் பூப் பூக்கும் அந்தச் சின்னக் கொடியை, அரக்கிஸ் பின்டோய். கச்சானின் உறவு, பிறந்த இடம் பிரேசில். எல்லப் பக்கம் விடுதி வாசல்களில் புல்லுக்குப் பதிலாக வைத்திருப்பார்கள். ஏறாது, நிழல் தாங்கும், அமில மண்ணையும் தாங்கும். குறை ஒன்றுதான், பிடிக்க மாதக்கணக்கில் எடுக்கும். தண்டை ஒடித்து மழையில் ஊன்றிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். எங்கள் மேல்வரிசையில் தரை தெரியாமல் படர முழுதாக ஒன்றரை வருடமானது.

குறுக்கே கிளிசிரிடியா. ஆங்கில ஏ எழுத்து வடிவில் மூன்று கம்பைக் கட்டி, நடுவில் நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் சமமட்டக் கோடு கண்டுபிடிக்கலாம். நானும் இரண்டு மாணவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நிலம் முழுக்கக் கோடு போட்டுவிட்டோம். அந்தக் கோட்டில் நெருக்கமாகக் கம்பு ஊன்றி, முழங்கால் உயரத்தில் வேலியாக வெட்டி வைத்தால், மேலிருந்து வரும் மண் அங்கே தங்கும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசாங்கமே அறிவித்த மரம் இது. ஆனால் குளிருக்கு ஆகாது, 1200 மீற்றருக்கு மேல் சோர்ந்துவிடும். நுவரெலியாவில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்து இதை வைக்க வேண்டாம். அங்கே முள்முருங்கையும் தெப்ரோசியாவும் சரி. ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியையும் வெட்டிப் போடலாம். அது அவரைக் குடும்பம் இல்லை, காற்றிலிருந்து எதையும் எடுக்காது, ஆனால் இலையில் சத்து அதிகம், சும்மா கிடைக்கிறது.

எவ்வளவு பசளை மிச்சம் என்று அண்ணன் தொலைபேசியில் கேட்பார். நன்றாக வளர்ந்த அவரை மூடுபயிர் வருடத்துக்கு ஒரு ஹெக்டயரில் 50 முதல் 150 கிலோ வரை நைதரசன் கட்டும் என்பது பொதுவான கணக்கு. நடுவே 100 என்று வைத்தால் ஏக்கருக்கு 40 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. ஆக, ஏக்கருக்கு இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் இதில் இரண்டு விஷயத்தை மறைக்கக் கூடாது. செடி கட்டிய நைதரசனில் பெரும்பங்கு கடைசியில் விதைக்குள் போகிறது. கௌபியை முழுக்கப் பறித்துச் சாப்பிட்டுவிட்டு மண்ணுக்கும் பசளை போட்டேன் என்று சொல்ல முடியாது. நாங்கள் மூன்றில் ஒரு பங்கு வரிசையைத்தான் காய்க்க விடுகிறோம். அடுத்தது, வெட்டிப்போட்ட இலையின் சத்து அந்த வருடமே முழுக்க மரத்துக்குப் போய்விடாது. ஒரு பகுதி மண்ணில் சேமிப்பாகத் தங்கும். மண்ணில் சேர வேண்டியது சேரட்டும், அவசரமில்லை.

அவகாடோ வைத்தவர்கள் மூடுபயிரை நைதரசனுக்காக மட்டும் பார்க்க வேண்டாம். அவகாடோவின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே இருக்கும், அதற்கு எமன் பைட்டொப்தோரா என்ற வேரழுகல். தண்ணீர் தேங்கிய, உயிரில்லாத மண்ணில் அது ஆடும். அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் தம்பொரின் மலையில், அந்த நோய் சுற்றிலும் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தபோது, ஒரு விவசாயியின் தோட்டம் மட்டும் பச்சையாக நின்றது. ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்து 1970களில் அதை எழுதினார்கள். நோய்க்கிருமி அங்கேயும் மண்ணில் இருந்தது. ஆனால் அவர் குளிர்காலத்தில் நீல லூபினும் கோடையில் மொச்சையும் சோளமும் மூடுபயிராகப் போட்டு, கோழியெருவும் டொலமைட்டும் சேர்த்து, மண்ணை எப்போதும் இலையால் நிரப்பி வைத்திருந்தார். அப்படி மட்கும் மண்ணில் பெருகும் உயிர்கள் கிருமியைத் தலையெடுக்க விடுவதில்லை. லூபினைத் தவிர அந்தப் பட்டியலில் எல்லாமே எங்கள் ஊரில் கிடைக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கஷ்டங்களும் இருக்கின்றன. தரை மூடினால் அட்டை வரும். மழைநாளில் காலுக்கு உப்பும் சவர்க்காரமும் பூசாமல் இறங்க முடியாது. பாம்புப் பயத்தில் அம்மா கையில் கம்பில்லாமல் நடப்பதில்லை, அது நியாயமான பயம். மண்புழு பெருகியதும் காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வந்து ஒரு வரிசையை உழுதுவிட்டுப் போனது. ஆபிரிக்க நத்தையை இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்குகிறோம். எல்லாவற்றையும்விடப் பெரியது தண்ணீர். ஆனி பிறக்கும் முன் மூடுபயிரை வெட்டிப் படுக்க வைக்காவிட்டால், காற்றுக்காலத்தில் அது மரத்தின் தண்ணீரைக் குடித்துவிடும். உயிரோடு நின்றால் போட்டி, வெட்டிப் போட்டால் போர்வை.

மண்சரிவுக்கு இது மருந்தா என்று ஒரு பெற்றார் கூட்டத்தில் கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தவில் லயங்களை மூடிய மாதிரி ஒரு மலையே நகர்ந்து வரும்போது, கொடியும் கொள்ளும் எதையும் பிடித்து நிறுத்தாது. நிலம் வெடித்தால், ஊற்று இடம் மாறினால், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறத்தான் வேண்டும். மூடுபயிர் தடுப்பது மழைக்கு மழை, மில்லிமீற்றர் மில்லிமீற்றராக மேல்மண் கழுவிப்போவதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் யாராவது உயிர் போகும்.

அம்மா முதல் வருடம் என்னோடு சண்டை பிடித்தார். "ரோட்டால போறவங்க எல்லாம் டீச்சர் வீட்டுத் தோட்டம் காடு புடிச்சிருச்சுன்னு பேசுறாங்க" என்று அழுதே விட்டார். நான் பள்ளிக்கூடம் போன நேரம் ஒரு வரிசைக் கொள்ளைச் சுரண்டியும் விட்டார். நான் அவரோடு வாதாடவில்லை. பால்மா டின் இரண்டை இரண்டு பக்கமும் திறந்து, ஒன்றைச் சுரண்டிய வரிசையிலும் ஒன்றை மூடிய வரிசையிலும் தரையில் அழுத்தி, இரண்டிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். மூடிய வரிசையில் அம்மா வெற்றிலையை மடித்து வாயில் வைப்பதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மற்றதில் டின்னுக்குள் அப்படியே நின்றது. அவர் வெற்றிலையை மென்று துப்பிவிட்டு வந்து பார்த்தார், அப்போதும் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, மூடிய வரிசையிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளி மோந்து பார்த்தார்.

"அந்தக் காலத்துல முருங்க எல போட்ட மலையில இந்த வாசம் வரும்" என்றார்.

அப்பா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். அவர் போய் ஏழு வருடமாகிறது. அவருடைய கவ்வாத்துக் கத்தி பரணில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. கிளிசிரிடியா வேலியை வெட்டும் நாட்களில் இப்போது அதை எடுப்பவர் அம்மாதான். தோட்டத்தில் அது ஆம்பிளை வேலை, அவர் கையில் அந்தக் கத்தி இருந்ததே இல்லை. சரிவாக ஒரே வெட்டு, நார் பிரியாமல். அப்பா வெட்டுவதை எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தாரோ. இலையை வேலிக்கு மேல்பக்கம் போட வேண்டும், கீழ்ப்பக்கம் போட்டால் உருண்டுவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

சுரண்டியை இன்னும் விடவில்லை. வாசலுக்கும், கன்றுகளைச் சுற்றி அந்த ஒரு மீற்றர் வட்டத்துக்கும் அது வேண்டும்.

நேற்று பின்னேரம் திண்ணையில் சொளகை வைத்துக்கொண்டு விதைக்கௌபி புடைத்தார். வண்டு துளைத்ததை ஒரு பக்கம், சுருங்கியதை ஒரு பக்கம் ஒதுக்கி, நல்லதைச் சாம்பலில் புரட்டிப் போத்தலில் போட்டார். பக்கத்து லயத்திலிருந்து இரண்டு பேர் விதை கேட்டிருக்கிறார்களாம், வீட்டுக்குப் பின்னால் ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம். அவர்களுக்கும் ஆளுக்கொரு சுண்டு அளந்து, தனியாகக் கட்டி வைத்தார்.

"இந்தத் தடவ பொரட்டாசிக் கடைசியிலயே மழ வந்துரும் போல இருக்கு. டொலமைட்டு இன்னும் ரெண்டு மூட கொண்டாரச் சொல்லு. அப்புறம் சீயாகிட்ட மண்ணுக்குச் சொல்லி வையி, அவரு வேற எதாவது நட்டுறப் போறாரு."